ஒரு கேபினெட்டுக்குள் இரண்டு கார்டு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். கருக்களாச்சேரி போன்ற காரைக்கால் மாவட்டத்து மீனவ ஊர்களில் கல்லூரி விடுமுறையும் இந்த மாதங்களில்தான் வருகிறது. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் அது அதிக நேரம் ஓடுவதும் அப்போதுதான். கேம் திணறுவது கண்ணில் படும். உடனே ஒரு கேள்வி எழும்: "அண்ணே, இருக்கிற கார்டோட அதே மாதிரி இன்னொன்னு வாங்கிப் போட்டா எஃப்பிஎஸ் ரெண்டு மடங்கு ஆவுமா?"

கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. கணக்கு அவர் பக்கம் நியாயமாகத்தான் தெரிகிறது. புது கிராபிக்ஸ் கார்டு என்றால் விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து பெரிய தொகை ஆகிவிடும். பழைய கார்டோ மலிவு. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், கார்டுகளை வைத்து நாணயம் தோண்டும் தொழில் ஒரே நாளில் படுத்தது. அதுவரை இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான கார்டுகள் பழைய சரக்காக சந்தைக்கு வந்தன. ஆர்எக்ஸ் 580, ஜிடிஎக்ஸ் 1060 வகைக் கார்டுகள் இன்றும் சென்னை ரிச்சி தெருவில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. புதிதில் ஒன்று வாங்கும் காசில் பாதிகூட ஆகாது. மதர்போர்டில் இரண்டாவது நீள ஸ்லாட் காலியாகத்தான் கிடக்கிறது. பிறகு என்ன தயக்கம்?

தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. அது விளங்க, இந்த யோசனை எங்கே பிறந்தது, ஒரு காலத்தில் ஏன் சரியாக இருந்தது, எதனால் செத்தது என்று பார்க்க வேண்டும். என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன்: கேம் விளையாடுவதற்காக இரண்டாவது கார்டு வாங்க இன்று நூற்றில் ஒருவருக்குக்கூடத் தேவை இல்லை. வாங்கினால் பணம் போவதோடு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரும் கெட வாய்ப்பு உண்டு.

1998-ல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வூடூ2 என்ற கார்டைக் கொண்டுவந்தது. தனியாகப் போட்டால் 800×600 அளவு வரைதான் படம் தரும். அதே கார்டு இரண்டை வாங்கி நடுவே ஒரு சிறு கேபிளை இணைத்தால் 1024×768 கிடைக்கும். திரையில் ஒற்றைப்படை வரிகளை ஒரு கார்டு வரையும், இரட்டைப்படை வரிகளை மற்றது வரையும். எஸ்எல்ஐ என்ற பெயர் அங்கே பிறந்ததுதான். ஒரே ஃபிரேமை இருவரும் பங்கு போட்டு முடித்ததால் இதில் தாளம் தப்பும் பேச்சே எழவில்லை. அன்றைக்கு அது உண்மையான இரட்டிப்பு. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸின் சொத்துகளை என்விடியா வாங்குவதாக அறிவித்தது. 2004-ல் அதே மூன்றெழுத்தை வேறு விரிவோடு, ஜிஃபோர்ஸ் 6 வரிசைக் கார்டுகளுக்காக மீண்டும் களமிறக்கியது. மறு ஆண்டே ஏடிஐ (பின்னாளில் ஏஎம்டி) கிராஸ்ஃபயர் என்ற தன் இரட்டைக் கார்டு முறையோடு வந்து நின்றது.

பெயர் பழையதாக இருந்தாலும் வேலை செய்யும் விதம் மாறிவிட்டது. புதிய கேம்களில் திரையின் ஒரு வரி வரைவதற்கே பக்கத்து வரியின் தகவல் தேவைப்படும் என்பதால் வரிக்கு வரி பிரிக்க முடியவில்லை. ஆகவே ஃபிரேமுக்கு ஃபிரேம் பிரித்தார்கள். முதல் ஃபிரேமை ஒரு கார்டு வரையும், இரண்டாவதை மற்றது, மூன்றாவதை மறுபடியும் முதல் கார்டு. ஒவ்வொரு கேமுக்கும் இதை எப்படிப் பிரிப்பது என்ற குறிப்பை கார்டு நிறுவனமே டிரைவரில் எழுதி அனுப்ப வேண்டும். குறிப்பு நன்றாக அமைந்த கேமில் 80, 90 சதவீதம் வரை கூடுதல் வேகம் கிடைத்தது. அமையாத கேமில் இரண்டாவது கார்டு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். சில நேரம் ஒரே கார்டில் ஓடியதைவிட மெதுவாகவும் ஓடும்.

இதில் ஒரு கோளாறு வெகுநாள் யாருடைய அளவையிலும் சிக்காமல் ஒளிந்திருந்தது. ஒரு நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 16.7 மில்லிநொடி. இரண்டு கார்டு மாறி மாறி வரையும்போது ஒரு ஃபிரேம் 5 மில்லிநொடியில் வந்து, அடுத்தது 28 மில்லிநொடி கழித்து வந்தால், இரண்டும் சேர்ந்து 33. சராசரி போட்டால் அதே 60 எஃப்பிஎஸ். மூலையில் ஓடும் எண் அழகாக 60 காட்டும். கண்ணுக்கோ அது 35 போலத்தான் படும், படம் வெட்டி வெட்டி நகரும். கரைவலை இழுக்கும்போது எல்லோரும் ஒரே தாளத்தில் இழுத்தால்தான் வலை சீராக வரும். ஒருவர் முந்தி ஒருவர் பிந்தினால் ஆள் பலம் குறையாது, வலைதான் குலுங்கும். இதற்கு மைக்ரோ ஸ்டட்டர் என்று பெயர். 2011 செப்டம்பரில் டெக் ரிப்போர்ட் இணைய இதழில் ஸ்காட் வாசன் என்பவர், சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொரு ஃபிரேமும் எத்தனை மில்லிநொடி எடுக்கிறது என்று அளக்க வேண்டும் என எழுதினார். கார்டுகளை மதிப்பிடும் முறையையே மாற்றிய கட்டுரை அது. இரட்டைக் கார்டுகளின் மானம் அதில் போயிற்று. 2013-ல் என்விடியா இதை அளக்கும் கருவியையே வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஏஎம்டி ஃபிரேம்களின் இடைவெளியைச் சீராக்கும் டிரைவரைத் தந்தது. ஓரளவு சரியானது. முழுதும் சரியாகவில்லை.

உண்மையில் எஸ்எல்ஐயைக் கொன்றது வேறொன்று. இன்றைய கேம்களில் ஒரு ஃபிரேம் தனியாகப் பிறப்பதில்லை. முந்தைய ஃபிரேமில் எது எங்கே இருந்தது என்பதை எடுத்து வைத்துக்கொண்டுதான் அடுத்த ஃபிரேமின் விளிம்புகளை மழமழப்பாக்குகிறார்கள், நிழலையும் பிரதிபலிப்பையும் கணக்கிடுகிறார்கள். சிறிய அளவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற நுட்பங்களின் புதிய பதிப்புகளுக்கு இந்தப் பழைய தகவல்தான் முதல். முந்தைய ஃபிரேம் பக்கத்துக் கார்டில் இருக்கிறது என்றால், அது முடிந்து, தகவல் இந்தப் பக்கம் வந்து சேரும்வரை இரண்டாவது கார்டு காத்துக் கிடக்க வேண்டும். ஒன்று முடிந்த பின்தான் மற்றது என்றால் இரண்டு இருந்து என்ன பயன்?

2015-ல் டைரக்ட்எக்ஸ் 12 வந்தபோது இரண்டு கார்டைக் கையாளும் பொறுப்பு டிரைவரிடமிருந்து கேம் எழுதுபவரிடம் போனது. ஆஷஸ் ஆஃப் தி சிங்குலாரிட்டி, ரைஸ் ஆஃப் தி டோம்ப் ரைடர், ஷேடோ ஆஃப் தி டோம்ப் ரைடர், வல்கனில் ஓடும் ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2 என்று கொஞ்சம் பேர் முயன்றார்கள். மற்றவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. மிகச் சிலரிடம் மட்டும் இருக்கும் அமைப்புக்காக மாதக்கணக்கில் உழைக்க எந்தக் குழுவுக்கும் கட்டுபடியாகாது.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. 2016-ல் ஜிடிஎக்ஸ் 1080 வந்தபோது கேமுக்கு இரண்டு கார்டுக்கு மேல் வேண்டாம் என்று என்விடியா நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு வந்த ஜிடிஎக்ஸ் 1060-ல் எஸ்எல்ஐ இணைப்பே கிடையாது. 2020-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில் 3090 வகைக்கு மட்டும் அந்த இணைப்பு இருந்தது. 2021 ஜனவரி 1 முதல், பழைய கார்டுகளுக்குப் புதிய எஸ்எல்ஐ குறிப்புகள் எழுதுவதில்லை என்று என்விடியா அறிவித்தது. 2022-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090-ல் இணைப்பு முற்றிலும் போய்விட்டது. ஏஎம்டி பக்கம் ஆர்எக்ஸ் 5700 வரும்போதே பழைய கிராஸ்ஃபயர் கைவிடப்பட்டிருந்தது.

இனி உங்கள் கார்டுக்கு வருவோம். நம் ஊர்களில் சாதாரணமாகப் பார்ப்பவை எவை? ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060, 1650, 1660, ஆர்டிஎக்ஸ் 2060, 3060. இவற்றில் ஒன்றுக்குக்கூட எஸ்எல்ஐ இல்லை. இரண்டு 1060 வாங்கிச் சேர்த்துப் போட்டால் அநேகமாக எந்தக் கேமும் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும்; மற்றது சூட்டை மட்டும் தரும். ஆர்எக்ஸ் 580-க்கு கிராஸ்ஃபயர் உண்டு, ஆனால் அதைப் பயன்படுத்தத் தெரிந்த கேம்கள் பெரும்பாலும் 2017, 2018-க்கு முந்தியவை. அந்தப் பழைய கேம்களை ஒரு 580 தனியாகவே நன்றாக ஓட்டிவிடும். ஜிடிஏ 5 விளையாட இரண்டு 580 வேண்டியதில்லை.

இன்னொரு தவறான நம்பிக்கையும் ஊரெல்லாம் இருக்கிறது. 8 ஜிபி கார்டு இரண்டு சேர்த்தால் 16 ஜிபி என்று நினைக்கிறார்கள். இரண்டு கார்டும் ஒரே காட்சியைத்தான் வரைகின்றன. ஆகவே அதே சுவர், அதே மரம், அதே முகம் இரண்டின் நினைவகத்திலும் தனித்தனியாக ஏற்றப்படும். 8 என்பது 8 ஆகவே நிற்கும். இன்றைய கேம்கள் திணறுவதற்கு நினைவகப் பற்றாக்குறையே பெரிய காரணம் என்பதால் இந்த ஒன்றே போதும், யோசனையைக் கைவிட.

காலியாக இருக்கும் அந்த இரண்டாவது ஸ்லாட்டையும் கொஞ்சம் கவனியுங்கள். பார்வைக்கு அதே நீளம்தான். பி450 மதர்போர்டுகளில் அதற்குப் பின்னால் பெரும்பாலும் நாலு லேன்தான், அதாவது தகவல் போகும் நாலு பாதைதான் ஓடுகிறது, அதுவும் பழைய இரண்டாம் தலைமுறை வேகத்தில், பிராசஸருக்கு நேராகப் போகாமல் சிப்செட் வழியாகச் சுற்றிப் போகும். எஸ்எல்ஐ கேட்டது ஒவ்வொரு கார்டுக்கும் குறைந்தது எட்டு லேன். எச்610 போர்டுகள் பலவற்றில் இரண்டாவது நீள ஸ்லாட்டே கிடையாது.

மின்சாரத்தைப் பேசாமல் இந்தக் கேள்வியை கடலோர ஊரில் முடிக்க முடியாது. ஆர்எக்ஸ் 580 ஒன்று 185 வாட் குடிக்கும். பிராசஸருக்கும் மற்றவற்றுக்கும் சேர்த்து 150 வைத்தால் 335. மானிட்டரோடு 360 ஆகிவிடும். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாகத் தாங்குவதும் 360 வாட்தான். அதாவது ஒரு கார்டிலேயே யுபிஎஸ் விளிம்பில் நிற்கிறது. இரண்டாவது 185 வாட்டைச் சேர்த்த நாள் கரண்ட் போகும்போது அது ஒரு கூப்பாடு போட்டு அணைந்துவிடும். சேமிக்காத வேலை போகும், ஹார்டு டிஸ்க் அடிபடும். டி.ஆர். பட்டினத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் இருக்கிற மாவட்டம்தான் இது. இருந்தாலும் காற்றும் மழையும் கூடிய ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரைத் தெருக்களில் கரண்ட் போய் வருவதை யாரும் தடுத்துவிட முடியாது. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையைக் கடந்தபோது இந்தக் கடலோரம் முழுவதும் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கேபினெட்டோடு சும்மா வரும் எஸ்எம்பிஎஸ் மீது 450 வாட், 500 வாட் என்று ஒட்டியிருப்பார்கள். அந்த எண்ணை நம்பி இரண்டு கார்டு மாட்டக் கூடாது. கார்டுக்குப் போகும் 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று ஸ்டிக்கரில் பாருங்கள்; 12-ஆல் பெருக்கினால் உண்மையான பலம் தெரியும். பல மலிவு எஸ்எம்பிஎஸ்களில் அது ஒட்டியிருக்கும் எண்ணில் பாதியைத் தொடாது. அது சாகும்போது தனியாகச் சாவதில்லை. மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

கரண்ட் பில்லும் உண்டு. கூடுதல் 185 வாட், நாளுக்கு நாலு மணி நேரம் என்றால் மாதம் 22 யூனிட்.

அடுத்தது வெக்கையும் உப்பும். வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்து முடிவெடுப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அவை ஏசி போட்ட அறையில் எழுதப்படுபவை. காரைக்கால் கடலோரத்தில் 2004 சுனாமிக்குப் பின் கட்டப்பட்ட சிறிய கான்கிரீட் வீடுகளில் மே மாதப் பகலில் அறையே கொதிக்கும். அங்கே 370 வாட் சூட்டை இரண்டு கார்டுகள் கொட்டினால் விளையாடுகிறவர்தான் முதலில் எழுந்து வெளியே போவார். சிறிய மதர்போர்டில் இரண்டு கார்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடம்கூட இருக்காது. கீழ்க் கார்டு வெளியேற்றும் சூட்டை மேல் கார்டின் ஃபேன் உறிஞ்சும். சூடு கூடினால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், வாங்கிய பலன் அங்கேயே கரையும்.

கடலுக்கு அருகில் இருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். திருகாணித் தலைகள் செம்பழுப்பாகத் துருப்பிடித்திருக்கும். கார்டின் அலுமினியத் தகடுகளில் மாவு தூவியதுபோல் வெண்மை பூத்திருக்கும். செம்புக் குழாய் அதைத் தொடும் இடத்தில் பச்சைப் பாசி போல ஒரு கறை. ஃபேனை விரலால் சுற்றினால் மணல் அரைபடும் சத்தம். உப்புக் காற்றும் ஈரப்பதமும் சேர்ந்து செய்யும் வேலை இது. இரண்டு வெவ்வேறு உலோகம் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று அரிக்கப்படும். மாதம் ஒருமுறை பிளோயரால் ஊதி, ஓடாத நாட்களில் மூடி வைத்து ஒரு கார்டைக் காப்பாற்றுவதே வேலை. இரண்டு என்றால் ஃபேன்கள் இரட்டிப்பு, காற்று உள்ளே இழுபடுவது இரட்டிப்பு, உப்பும் இரட்டிப்பு. நாணயம் தோண்டிக் களைத்து வந்த பழைய கார்டு இந்தக் காற்றில் எத்தனை வருடம் ஓடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். வாரண்டி முடிந்த சரக்கு. கெட்டால் கும்பகோணமோ, திருச்சியோ, சென்னையோ என்று சரிசெய்பவரைத் தேடிப் பார்சல் அனுப்ப வேண்டும்.

சரி, வேகம் வேண்டும், என்ன செய்வது? பணம் செலவழிக்கும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? கார்டு வாங்கி மாட்டிவிட்டு எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டிலேயே விட்டுவைத்திருக்கும் வீடுகள் நிறைய. அப்படி இருந்தால் கார்டின் பலன் சரியாகக் கிடைக்காது. சில நேரம் கேம் பிராசஸரோடு வரும் சின்ன கிராபிக்ஸிலேயே ஓடிக்கொண்டிருக்கும். கேமிங் லேப்டாப் வைத்திருப்பவர்கள் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டைப் பார்த்துவிட்டு இரண்டும் சேர்ந்து உழைக்கின்றன என்று நினைக்கிறார்கள். அவை சேர்ந்து உழைப்பதில்லை. ஒன்று மின்சாரம் மிச்சப்படுத்த, மற்றது கேமுக்கு. விண்டோஸ் செட்டிங்ஸில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் உங்கள் கேமுக்கு அதிகத் திறனுள்ளதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும். பைசா செலவில்லை.

ஏதாவது ஒன்றை இரட்டிப்பாக்கியே தீர வேண்டும் என்றால் ரேம் குச்சிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குங்கள். 16 ஜிபியை ஒரே குச்சியாகப் போட்டிருப்பவர் இரண்டு 8 ஜிபியாகப் போட்டால் இரண்டு வழியில் தகவல் போகும். ரைசன் 5600ஜி போல உள்ளே கிராபிக்ஸ் உள்ள பிராசஸர் என்றால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், ஏனென்றால் அந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. ரேமைத்தான் நம்பி இருக்கிறது. எஃப்எஸ்ஆரின் முந்தைய பதிப்பு பழைய 1060-லும் 580-லும் வேலை செய்கிறது. கேமின் செட்டிங்ஸில் அதை இயக்கினாலே கார்டின் சுமை குறையும்.

இதற்கும் மேல் வேகம் வேண்டுமென்றால், இருப்பதை விற்றுவிட்டு, இரண்டாவதற்கென்று சேர்த்த தொகையையும் போட்டு ஒரே நல்ல கார்டு வாங்குவதுதான் வழி. 2023-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 குடிப்பது 115 வாட். ஆர்எக்ஸ் 580-ஐவிட 70 வாட் குறைவு, வேகமோ இரண்டு மடங்குக்கும் மேல். எல்லாக் கேமிலும் கிடைக்கும் வேகம் அது, டிரைவர் குறிப்பை எதிர்பார்க்கத் தேவையில்லை. இருக்கிற எஸ்எம்பிஎஸ் தரமானதாக இருந்தால் அதுவே தாங்கும், யுபிஎஸ்ஸும் மூச்சு விடும். எட்டு லேன் மட்டுமே கொண்ட கார்டு என்பதால் பழைய மதர்போர்டில் சிறிது வேகம் குறையலாம். பெரிய இழப்பு இல்லை. கை தாராளமாக இருந்தால் 12 ஜிபிக்கு மேல் உள்ள கார்டைப் பாருங்கள், அது கூடுதல் வருடம் உழைக்கும்.

இரண்டாவது கார்டு நியாயமாகும் இடங்களையும் சொல்ல வேண்டும். பிளெண்டரில் அனிமேஷன் ரெண்டர் செய்பவருக்கு இரண்டு கார்டு ஏறக்குறைய இரட்டிப்பு வேகம் தரும், ஏனென்றால் அங்கே ஒரு ஃபிரேம் இன்னொன்றுக்காகக் காத்திருப்பதில்லை. மொழி மாதிரிகளை வீட்டிலேயே ஓட்டிப் பார்ப்பவர்கள் மாதிரியைப் பாதி பாதியாக இரண்டு கார்டின் நினைவகத்தில் ஏற்றலாம். அங்கே மட்டும் 8-ம் 8-ம் 16-தான். காரைக்கால் என்ஐடியில் படித்துக்கொண்டே இந்த மாதிரிகளை ஓட்டிப் பார்க்கும் மாணவர் என்னிடம் கேட்டால் இரண்டு கார்டு போடு என்றே சொல்வேன்.

கேம் உலகத்தில் ஒரே ஒரு புது வழி திறந்திருக்கிறது. ஸ்டீமில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்ற மென்பொருள், கேமை ஒரு கார்டில் ஓட்டி, இடைப்பட்ட போலி ஃபிரேம்களை இன்னொரு கார்டில் உருவாக்கும். வெவ்வேறு நிறுவனக் கார்டாக இருந்தாலும் சரி. மானிட்டரை இரண்டாவது கார்டில் செருக வேண்டும், அந்த ஸ்லாட்டுக்கும் போதுமான லேன் வேண்டும். பழைய கார்டு ஒன்று வீட்டில் சும்மா கிடந்து, எஸ்எம்பிஎஸ்ஸும் பலமாக இருந்தால் முயன்று பார்க்கலாம். ஆனால் இடைச்செருகல் ஃபிரேம்கள் படத்தைச் சீராக ஓடச் செய்தாலும், மவுஸை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் உள்ள தாமதத்தைக் கூட்டத்தான் செய்யும். வேலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் விளையாடுபவருக்கு இது உதவாது. கதை கேம்களை நிதானமாக விளையாடுபவருக்குப் பிடிக்கலாம். இதற்கென்றே புதிதாக ஒரு கார்டு வாங்குவதை நான் ஏற்க மாட்டேன்.

2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை, 32 பிட் ஃபிஸ்எக்ஸ் என்ற நுட்பத்தின் ஆதரவு இல்லாமல் வெளிவந்ததால், மிரர்ஸ் எட்ஜ் போன்ற பழைய கேம்களுக்காகச் சிலர் சிறிய பழைய கார்டு ஒன்றைக் கூடவே மாட்டினார்கள். சில கேம்களுக்கு என்விடியா பின்னர் டிரைவர் வழியாக அதைத் திரும்பக் கொடுத்தது. புது 50 வரிசையும் பழைய கேம் மோகமும் சேர்ந்தே இருப்பவர்களுக்கான சங்கதி இது; நம் கேள்விக்கு வெளியே.

தடைக்காலத்தில் கேட்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது இது: இரண்டாவது கார்டுக்கென்று எடுத்து வைத்த பணத்தை உடனே செலவழிக்காதீர்கள். கேபிளையும் செட்டிங்ஸையும் இன்றே பாருங்கள். எஸ்எம்பிஎஸ் தரமற்றது என்றால் முதல் செலவு அதற்கே. பழைய கார்டை ஓடும் நிலையில் இருக்கும்போதே விற்றுவிடுங்கள், கெட்ட பின் யாரும் வாங்க மாட்டார்கள். அதன்பின் வாரண்டி உள்ள ஒரே கார்டு, கையில் பில்லோடு வாங்குங்கள்.